சாமி விட்டுப்போன பிறகு சிட்னிக்குப் போனேன்

சிட்னியில் என்னை முதலில் வரவேற்றது ஒரு நாய். பெட்டி வருகிற இடத்தில் நிற்கிறேன். சட்டை போட்ட நாய் ஒன்று, அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சீருடையில் ஒரு வெள்ளைக்காரி. நாய் நேரே வந்து என் கைப்பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. முன்னெல்லாம் என்னைக் கண்டால் நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடும். இப்போது நான்தான் ரெண்டு எட்டுப் பின்னால் போனேன்.

பைக்குள் ஒரு கட்டு வேப்பிலையும் ஒரு பொட்டலம் திருநீறும் இருந்தன. வேப்பிலையை அப்படியே தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டார்கள். திருநீற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு மூணு பேர் கூடி நின்று பார்த்தார்கள். அவர்கள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் எங்கேயோ போன் போட்டு ஒரு தமிழ்ப் பொம்பளையைப் பிடித்து என் காதில் வைத்தார்கள். சிலோன்காரி.

"இது சாம்பல் தானே அம்மா? ஆற்றை சாம்பல் எண்டு கேக்கினம்."

"யாரோட சாம்பலும் இல்ல. பசுஞ்சாணியச் சுட்டு எடுத்தது. நெத்தியில பூசுறது."

அவள் அதை அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள். சாணி என்று தெரிந்ததும் அந்த மூணு பேர் முகமும் போன போக்கைப் பார்க்கணுமே. கையுறை மாட்டிக்கொண்டு, பாம்பைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே செல்வி காத்துக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி மகள். விசயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ பெரியம்மா, பெரியப்பா சாம்பல்னு சொல்லியிருந்தா மரியாதையா விட்டிருப்பாங்களே!"

"உங்க பெரியப்பா உசுரோட டீக்கடையில உக்காந்திருக்காரு. இதுக்காவ அவர எரிச்சிட்டா வர முடியும்?"

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூர் பக்கம் எங்கள் ஊர். ஊர் முத்தாரம்மனுக்கு நாற்பது வருசம் வாள் பிடித்து ஆடினவள் நான். சாமி வந்து இறங்குகிற ஆளை எங்கள் பக்கம் கோமரத்தாடி என்பார்கள். கொடை விழாவில் மேளம் ஏறியதும் அம்மன் வருவாள். ஒரு கையில் மூணடி வாள், இன்னொரு கையில் தீச்சட்டி. வாளை ஓங்கினால் எப்பேர்ப்பட்ட பேய் பிடித்தவளும் கையெடுத்துக் கும்பிடுவாள். என் கையால் திருநீறு வாங்கினால் பிள்ளைக்குக் காய்ச்சல் விடும் என்று நாலு ஊர்ச் சனம் வரும். என்ன வாக்கு சொன்னேன் என்று பிறகு மற்றவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். அம்மன் பேசும்போது என் காதில் ஒன்றும் விழாது.

மூணு வருசத்துக்கு முந்தின கொடையில் மேளம் அடித்தார்கள், அடித்தார்கள், ஒன்றும் வரவில்லை. பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிறவள் மாதிரி வாளோடு நின்றேன். மேளக்காரர் வேர்த்து ஊற்றி, "அக்கா, இன்னும் கொஞ்சம் தட்டவா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "சும்மா ரெண்டு சுத்து சுத்துக்கா, சனம் போயிரும்" என்று காதைக் கடித்தாள். வராத சாமியை வந்ததாகக் காட்டுகிறவள் நானில்லை. வாளுக்கு எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கோயிலில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். என்ன தப்பு செய்தேன், ஏன் போனாள், இன்றைக்கு வரை தெரியாது.

அதற்குப் பிறகு ரேஷன் கடையில் வழி விட்டவர்கள் முழங்கையால் இடித்தார்கள். இடுப்பு வலித்தது, மூட்டு வலித்தது, இருட்டுக்குப் பயம் வந்தது. நாற்பது வருசமாக வராத வலியெல்லாம் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. செல்வி போனில், "ஒரு மாறுதலா இருக்கும், ரெண்டு மாசம் வாங்க" என்றாள். ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு வைகாசியில் கிளம்பினேன்.

அங்கே வைகாசி குளிர்காலமாம். சொல்லவேயில்லை. செல்வி இருக்கிற பேட்டைக்கு டூங்கபி என்று பேர்; அவள் வீட்டுக்குள் வெளியைவிடக் குளிர். சுவரெல்லாம் அட்டை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் சேலை கட்டி, முத்துமாலை போடாத பூதம் மாதிரி நடந்தேன்.

ரெண்டாம் நாள் காலையில் கையைச் சுட்டுக்கொண்டேன். அவள் அடுப்பு கண்ணாடிப் பலகை மாதிரி இருக்கிறது. நெருப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. மேசை என்று நினைத்துக் கையை ஊன்றிவிட்டேன். தோல் பொசுங்கிவிட்டது. செல்வி வீட்டுக்காரர் ராஜா ஓடிவந்து குழாய்த் தண்ணியில் பிடித்தார்.

"அத்தை, நீங்க தீச்சட்டியே ஏந்துனவங்க இல்ல?" என்று சிரித்தார்.

"அது அவ ஏந்துனது. இது நான்" என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூணாம் நாள்தான் செல்வியின் கள்ளத்தனம் தெரிந்தது. 'எங்க பெரியம்மா சாமியாடி, வாக்கு சொல்லுவாங்க' என்று தெருத்தெருவாகச் சொல்லி வைத்திருக்கிறாள். சாமி போனதை மட்டும் சொல்லவில்லை. ஆள் வர ஆரம்பித்தது. எழுபது வயசுக்காரியை எல்லாரும் 'ஆன்ட்டி' என்று கூப்பிடுகிறார்கள். மலேசியாக்காரம்மா ஒருத்தி, மகனுக்கு விசா நிரந்தரமாகுமா என்று கேட்டாள். கம்ப்யூட்டர் வேலைக்காரர் ஒருத்தர், நார்த்மீட்டில் வீடு பார்த்திருக்கிறேன், வடக்கு வாசல், வாங்கலாமா என்று கேட்டார். ஒரு பெண் தன் மகளை இழுத்து வந்து நிறுத்தி, இவள் படிப்பாளா என்று கேட்டாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னது.

"என்னட்டி சொல்லுதா?"

"இவங்களுக்குக் கணக்குப் பாடம் தெரியுமான்னு கேக்குறா பெரியம்மா."

அந்த வீட்டில் புத்தியோடு கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னேன். "எனக்கு இப்ப சாமி இல்ல. மூணு வருசமாச்சு." கேட்கணுமே! "பெரியவங்க அப்படித்தான் தன்னடக்கமா சொல்லுவாங்க" என்று காலில் விழுந்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த நாள் இன்னும் ரெண்டு பேரைக் கூட்டி வருகிறார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல என் மவுசு ஏறுகிறது. இதற்கு என்ன செய்ய?

அவர்களிடமிருந்து தப்பிக்க, செல்வி வெளியே கிளம்பினால் நானும் கிளம்பிவிடுவேன். ரயிலில் மாடி வைத்திருக்கிறார்கள். ஏறினால் இறங்க முடியவில்லை. நான் படியில் பாதி இறங்குவதற்குள் கதவு மூடி, எங்கள் ஸ்டேஷன் பின்னால் போய்விட்டது. பஸ் பரவாயில்லை. நான் உட்காருகிற வரைக்கும் டிரைவர் வண்டியை எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்து என்னமோ சொன்னான்.

"மெதுவா உக்காருங்க அன்பேங்கிறார்" என்றாள் செல்வி.

"அன்பேயா? எவளுக்கு எவன் அன்பே?"

"இங்க எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாங்க பெரியம்மா. கத்தாதீங்க."

நாற்பது வருசம் தாயே என்று கூப்பிடக் கேட்ட காது இது.

செல்வி வீட்டுக்குப் பின்னால் ஒரு தனி அறை உண்டு. அதில் நேசன் என்று ஒருத்தர் குடியிருந்தார். சிலோன் தமிழர், முப்பத்தைந்து வயசிருக்கும், படகில் வந்தவர். காய்கறி மண்டியில் பெட்டி தூக்குகிற வேலை. விசா கையில் ஒரு காகிதமாகத்தான் இருந்தது. அது எந்த மாசம் முடியும், எந்த மாசம் நீளும் என்று அவருக்கே தெரியாது. என்னிடம் ஒன்றும் கேட்காத ஆள் அவர் ஒருத்தர்தான். அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்து கொடுத்தார்.

"இது சொதியாப்பா? எங்க ஊரு சொதியில முருங்கைக்காய் கிடக்கும், பாசிப்பருப்பு கிடக்கும். கல்யாணத்துக்கு மறுநாள் வைப்போம். இது பாலுக்கு மஞ்சள் பூசுனாப்புல இருக்கு."

"அம்மா, உங்கடை கறியை ஏன் சொதி எண்டு சொல்லுறீங்கள் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார் சிரிக்காமல்.

மூணு தட்டு சாப்பிட்டேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மூணாவது வாரம் மெல்போர்ன் போனோம். அங்கே கேரம் டவுன்ஸில் பெரிய கோயில் இருக்கிறதாம். அந்தச் சன்னதியில் நின்றால் எனக்கு அம்மன் திரும்பி வந்தாலும் வரலாம் என்று செல்விக்கு ஒரு ஆசை. எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். ராஜாவும் நேசனும் மாற்றி மாற்றிக் கார் ஓட்டினார்கள். பகல் முழுக்க ஓடியும் ஊரே வரவில்லை. மாடு, புல், மாடு, புல். வழியில் ஒரு கடையில் இறைச்சி வைத்த ரொட்டி ஒன்று கொடுத்தார்கள். கடித்தால் உள்ளே கொதிக்கிற குழம்பு. ஏற்கெனவே வெந்த கையோடு நாக்கும் வெந்தது.

மெல்போர்னில் காலையில் வெயில், பத்து மணிக்கு மழை, பதினொரு மணிக்கு வெயில், பிறகு காற்று வந்து குடையைத் திருப்பிப் போட்டது. டிராம் என்று ஒன்று தெரு நடுவில் தண்டவாளத்தில் வருகிறது. நான் ஏறினேன், செல்வி ஏறுவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அவள் கையை ஆட்டிக்கொண்டே சின்னதாகிப் போனாள். எனக்கு அழுகை வரப் பார்த்தது. பக்கத்தில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு கிழவி என் கையைப் பிடித்து அடுத்த ஸ்டாப்பில் இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்துகொண்டாள். அவள் பாஷையில் அவள் பேசினாள், என் பாஷையில் நான் பேசினேன். பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துப் பாதியைக் கொடுத்தாள். செல்வி மூச்சிரைக்க ஓடிவந்ததும் கிழவி அவளை அரைகுறை இங்கிலீஷில் நன்றாகத் திட்டினாள்.

"என்ன சொன்னா?"

"அம்மாவைத் தனியா விடாதேங்கிறாங்க. நீங்க இவ்வளவு நேரமும் என்னைத் திட்டுனீங்களாம். மொழி தெரியாட்டியும் புரிஞ்சுதாம்."

கோயில் பெரிசாகத்தான் இருந்தது. கார் நிறுத்தவே ஒரு மைதானம். காலைக் கழுவிவிட்டு அம்மன் சன்னதியில் போய் நின்றேன். மணி அடித்தது, நாதஸ்வரம் வாசித்தது. கண்ணை மூடிக் காத்தேன். பாதம் சில்லிட்டது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் செல்வி ஒரு பக்கம் என் வாயையே பார்க்கிறாள். தூணுக்குப் பக்கத்தில் நேசன் கைகூப்பியபடி என்னையே பார்க்கிறார். அம்மனை யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். ராஜாவும் செல்வியும் காப்பி வாங்கப் போனார்கள். முன் சீட்டில் இருந்த நேசன் திரும்பினார்.

"அம்மா, ஒரு வாக்குக் கேக்க வேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீயுமாப்பா?"

"என்ரை மனுசியும் ரெண்டு பிள்ளையளும் ஊரிலை. மூத்தவனுக்கு ஏழு, சின்னவளுக்கு மூண்டு. வாற கிழமை ஒரு படகு வெளிக்கிடுது. வெள்ளிக்கிழமைக்குள்ளை சொல்ல வேணும். ஏத்திறதோ, விடுறதோ?"

"நீ வந்த படகு எப்படி இருந்துச்சு?"

"பதினெட்டு நாள். அதைக் கதைக்கேலாது அம்மா." மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். "ஆனால் அங்கை இருந்தாலும் பயம். கிழமைக்கு ஒருக்கா ஆமிக்காரர் வந்து, புருசன் எங்கை எண்டு கேக்கினம். எனக்கு விசா வந்து அவையைக் கூப்பிட எத்தினை வருசமோ. நான் யோசிச்சு யோசிச்சுக் களைச்சுப் போனன். அம்மாள் என்ன சொல்லுறாவோ, அதைச் செய்வன்."

"எனக்குச் சாமி இல்லப்பா. இப்பதான் கோயில்ல பாத்தியே."

"வியாழக்கிழமை பின்னேரம் தேங்காய், கற்பூரத்தோடை வாறன். அவ வருவா" என்றார். காப்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செல்வியிடமும் ராஜாவிடமும் சொன்னேன். இருவரும் ஒரே குரலில் பேசினார்கள்.

"அத்தை, ரெண்டே நிமிஷம். தலையை விரிச்சுப் போட்டு 'வேண்டாம்'னு ஒரு வார்த்தை. மூணு உயிர்."

"பொய்யா இருந்தா என்ன பெரியம்மா? பிள்ளைங்க கடல்ல போகுதே!"

"வேண்டாம்னு சொல்லி, அங்க வீட்டுல வச்சு அதுகளுக்கு ஏதும் ஆயிட்டா?"

ராஜா டிவியைப் போட்டார், செல்வி பாத்திரம் கழுவப் போனாள். பெரிய படிப்புப் படித்தவர்கள்.

வியாழக்கிழமை காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று கொண்டையை அவிழ்த்தேன். தோளை ஒரு குலுக்குக் குலுக்கினேன். உடம்பு மறக்கவில்லை. நாக்கைத் துருத்தி, கண்ணை உருட்டி, "ஏலேய்" என்று ஒரு குரல் விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அச்சு அசல் அம்மன்தான். ஊர்க்காரனே ஏமாந்துபோவான். உள்ளே நின்றுகொண்டு இதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேனே, அதுதான் எனக்குச் சகிக்கவில்லை. முன்னால் அவள் பேசிய வார்த்தைக்கு அவள் பொறுப்பு. இந்த 'வேண்டாம்' என்னுடையது. அதை அவள் தலையில் கட்டப் பார்க்கிறேன். கொண்டையைப் போட்டேன். மறுபடி அவிழ்த்தேன். வெளியே ராஜா, "அத்தை, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று கதவைத் தட்டினார்.

சாயந்தரம் நாலு மணிக்கு நேசன் குளித்து வேட்டி கட்டி வந்தார். தட்டில் தேங்காய், பழம், பூ. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் கட்டிக் கற்பூரம் நாலைந்தை ஒரேயடியாகக் கொளுத்திவிட்டார். புகை மேலே போனது. கூரையில் இருந்த வட்டப் பெட்டி ஒன்று வீல் என்று கத்த ஆரம்பித்தது. காதே பிளந்துவிடும் போலிருந்தது. நேசன் "அம்மாளே!" என்று என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

"எந்திரி! அது சாமி இல்ல!"

செல்வி நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறுகிறாள். "ஸ்மோக் அலாரம் அண்ணா, எழும்புங்க, ஜன்னலைத் திறங்க!" அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, தீயணைப்புக்குச் சொல்லவா என்று கேட்டாராம். அது ஓய்வதற்குள் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் ஓய்ந்துவிட்டது.

"நேசா, இங்க பாரு. உம் பொண்டாட்டி என்ன சொல்லுதா?"

"அவ என்ன சொல்லுறது? நான் சொன்னால் ஏறுவா."

"அவளைக் கேட்டியா?"

அவர் தேங்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் அம்மாளிட்டைக் கேப்பம் எண்டு..."

"கடல்ல போறது அவ. ஏழு கடல் தாண்டி வந்த என்னக் கேக்க, அவளக் கேக்கல. போனைப் போடு!"

வெளிநாட்டுக்குப் போன் பேசுகிற அட்டையைச் சுரண்டி, நம்பர் நம்பராக அழுத்தி, பொண்டாட்டி சுகந்தியைப் பிடித்தார். நான் வாங்கிப் பேசினேன். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெல்லிய குரல்.

"அம்மா, அவர் கிட்ட நிக்கிறாரோ?"

"நிக்காரு."

"அப்ப நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ, கேளுங்கோ. எனக்கு ஏற விருப்பமில்லை. சின்னவளுக்கு இழுப்பு. ராவிலை மூச்செடுக்கக் கஷ்டப்படுறவள். படகிலை வைச்சு வந்தால் நான் என்ன செய்வன்? ஆனால் மாட்டன் எண்டு சொன்னால், தன்னட்டை வர விருப்பமில்லை, தன்னை மறந்திட்டன் எண்டு அவர் நினைப்பார். அம்மாள் வேண்டாம் எண்டு சொன்னவ எண்டு நீங்கள் சொல்லிவிடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

நேசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனியில் இருக்கிறது. புருசனும் கேட்கிறான், பொண்டாட்டியும் கேட்கிறாள், வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். எனக்கு வந்தது பாருங்கள் ஒரு எரிச்சல். உலகத்தில் ஒருத்தருக்கும் தன் வாயே கிடையாதா?

"சுகந்தி, எனக்கும் நீ சொல்லுறதுதான் சரின்னு படுது. ஆனா இது அம்மன் சொல்லல. நான் சொல்லுதேன், சொர்ணம். அம்மன் பேர்ல பொய் சொல்ல மாட்டேன். நீயே அவன்கிட்ட சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

"அம்மா..." என்றாள். போனை நேசன் கையில் கொடுத்தேன். அவர் காதில் வைத்து, "ஹலோ, ஹலோ" என்றார். அட்டையில் காசு தீர்ந்து போன் கட்டாகிவிட்டது.

இன்னொரு அட்டை வாங்க அவர் கடைக்கு ஓடினார். இருபது நிமிசம். அந்தப் பெண் மனசை மாற்றிக்கொண்டு, சரி ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று நான் கூடத்தில் நடந்துகொண்டிருந்தேன். அம்மன் போன பிறகு அவளை நான் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். எனக்கு வாக்கு வேண்டாம், அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் வாய் கொடு என்று.

நேசன் வந்தார், அழுத்தினார், பேசினார். பேசினார் என்று எங்கே சொல்ல, கேட்டார். "ஓம்." மறுபடியும், "ஓம்... ஓமோ... ஏன் எனக்குச் சொல்லேல்லை?" பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சின்னவளுக்கு எப்ப இருந்து?" என்று கேட்டார். "சரி. அழாதை. சரி" என்று போனை வைத்தார்.

என் பக்கம் திரும்பியபோது முகம் கல்லாக இருந்தது. "நீங்கள் அம்மாளிட்டைக் கேட்டிருக்கலாம். பிள்ளையின்ரை இழுப்பை என்ரை மனுசி என்னட்டை மறைச்சவ எண்டு நான் அறியாமலே இருந்திருப்பன்." தேங்காயை உடைக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் முதல் யாரும் வரவில்லை. மலேசியாக்காரம்மா வரவில்லை, வடக்கு வாசல்காரர் வரவில்லை. விசாரித்தால், "அந்த அம்மாவிலை சாமி கீமி ஒண்டும் இல்லை" என்று நேசன் கடைத்தெருவில் சொல்லிவிட்டாராம். மூணு வாரம் நான் தொண்டை கிழியச் சொன்னேன், ஒரு ஆள் நம்பவில்லை. அவர் ஒரு தடவை சொன்னார், டூங்கபி முழுக்க நம்பிவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அதைச் சொல்ல அவர் யார்?

ஒரு மாசம் ஓடியது. பின் அறையில் விளக்கு எரியும், அணையும். எதிரே பட்டால் நேசன் தலையைக் குனிந்துகொண்டு போவார். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார். முகம் வீங்கியிருந்தது.

"அந்தப் படகு வந்து சேந்திட்டுது அம்மா. எல்லாரும் உயிரோடை. ஆக்களை ஒரு தீவிலை காம்பிலை வைச்சிருக்கினம். என்ரை ஆக்களும் அதிலை இருந்திருக்கலாம்."

முன்னே என்றால் எல்லாம் அம்மன் விருப்பம் என்று மேலே கையைக் காட்டிவிட்டுப் போயிருப்பேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு. திட்டணும்னா என்னத் திட்டு. நான் சொன்னதுதான்."

உட்கார்ந்தார். திட்டினார். உங்களுக்கு என்ன தெரியும் என்றார், கடல் தெரியுமா, காம்ப் தெரியுமா, ரெண்டு வருசம் பிள்ளை முகம் பார்க்காமல் இருந்து பார்த்தீர்களா என்றார். முழுசும் கேட்டேன். பேசிப் பேசிக் களைத்து, "அவவும் இதைக் கேக்கட்டும்" என்று சுகந்திக்குப் போன் போட்டு, "படகு வந்திட்டுது, தெரியுமே?" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து அவள் பிடித்துக்கொண்டாள். போன் அவர் காதில், நான் மூணு கஜம் தள்ளி. எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வந்து சேர்ந்ததுக்கு அவளுக்குச் சந்தோசமாம், ஏறாததுக்கும் சந்தோசமாம். பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்திருக்கிறதாம். இனி இப்படிப் போன் எடுத்துத் தன்னைக் குற்றவாளியாக்கினால் போனையே எடுக்க மாட்டாளாம். "இல்லையப்பா, நான் அப்பிடிச் சொல்லேல்லை..." என்று நேசன் ஆரம்பித்தால், அவள் விடுகிறாளா?

எனக்குப் பெட்டி கட்டுகிற வேலை இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அப்பவும் சுகந்தியின் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது.